வறண்ட வருஷத்து ஞானஸ்நானம்

எங்கள் ஆயர் யெரொலிமைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பன்னிரண்டு வருஷம் நான் அவருடைய செயலாளர். அவர் சொல்லச் சொல்ல எழுதி என் வலது கையில் இரண்டு விரல்கள் கோணிப்போய்விட்டன. ஆகவே அவரைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு. அவரோடு ஒரு நாள்கூட ஒரே மேசையில் உட்காராதவர்கள் 'தராசு ஆண்டவர்' என்று கேலி பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அந்தப் பெயரை அவருக்கு வைத்தவர்கள் எங்கள் த்ருவான் தீவின் சாமியார்கள்தான். வைக்காமல் என்ன செய்வார்கள்? அவருக்கு முந்தைய ஆயர் வெனிஸில் குடியிருந்துகொண்டு வருஷத்துக்கு ஒருமுறை தீவை எட்டிப் பார்த்தவர். குருப்பட்டம் கொடுப்பார், அத்திப்பழம் சாப்பிடுவார், கப்பல் ஏறிவிடுவார். எங்கள் ஆட்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. யெரொலிம் ஆண்டவரோ இரண்டு பெட்டிப் புத்தகங்களோடு மத்தி மீன் படகில் வந்து இறங்கினார். இறங்கினவர் போகவே இல்லை. மறுவாரமே கோவில் அறையில் பகடை உருட்டுவதைத் தடுத்தார். மீசையை எடுக்கச் சொன்னார். நாற்பது வருஷம் வளர்த்த மீசையை எடுத்துவிட்டு வாசலுக்கு வரக் கூச்சப்பட்டு ஒரு பங்குச் சாமியார் ஒரு வாரம் கட்டிலிலேயே படுத்துக் கிடந்தார்.

இத்தனைக்கும் அவர் அந்நியர் அல்ல. கோரிட்சா என்ற மலையூரில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் மூன்றாவது மகன். பன்னிரண்டு வயதில் கடல் கடந்து லொரேத்தோவுக்குப் படிக்கப் போனார். பாதுவாவில் திருச்சபைச் சட்டத்தில் பட்டம் வாங்கினார். ரோமையில் பெரிய இடங்களில் வேலை பார்த்தார். முப்பத்தேழு வயதில் சொந்தத் தீவுக்கே ஆயராக வந்தார். இப்படி வருகிறவர்கள் சொந்தக்காரர்களுக்கு நல்லது செய்வார்கள் என்றுதான் ஊர் எதிர்பார்த்தது. இவர் சொந்த அண்ணன் மகனையே லத்தீன் போதாது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார். அண்ணி பிறகு அவர் இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

எல்லாம் அவருக்கு நிறுத்துப் பார்த்த மாதிரி விதிப்படி இருக்க வேண்டும். ஞானஸ்நானம், பூசை, குருப்பட்டம் போன்ற தேவதிரவிய அனுமானங்கள் என்பவை கடவுள் மனிதனுக்குக் கொடுத்த வாக்கு என்பார். கடவுள் சொன்ன பொருளை வைத்து, அவர் சொன்ன வார்த்தையைச் சொன்னால், அவர் வந்தே தீருவார். நம் இஷ்டத்துக்கு மாற்றினால் அந்த வாக்கு நம்மைக் கட்டாது, அவரையும் கட்டாது. குருமாணவர்களுக்கென்று கேள்வியும் பதிலுமாக ஒரு சின்னப் புத்தகமே எழுதியிருந்தார். எழுதியது என் கை என்பதால் இன்றைக்கும் அது எனக்கு மனப்பாடம்.

அவர் போட்ட விதிகளில் ஒன்று மருத்துவச்சிகளைப் பற்றியது. பிறந்த குழந்தை சாகிற நிலையில் இருந்தால் சாமியாருக்குக் காத்திராமல் மருத்துவச்சியே ஞானஸ்நானம் கொடுக்கலாம் அல்லவா? அதை அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று ஊர் ஊராகப் போய் அவரே விசாரிப்பார். தீவில் இருந்த ஒன்பது மருத்துவச்சிகளில் எட்டுப் பேரை விசாரித்தாகிவிட்டது. கோரிட்சாவின் யெலுஷா மட்டும் பத்தொன்பது வருஷமாக அகப்படவில்லை. அந்த வருஷம், அதாவது ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொன்பதில், ஒலிவ அறுவடை முடிந்த டிசம்பரில், முன்கூட்டிச் சொல்லாமல் போய் அவளைப் பிடித்தோம். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு பல் இல்லை. பயம் அதைவிட இல்லை.

"நான் ஓடி ஒளியல ஆண்டவரே. நீங்க வர்ற நாளாப் பாத்து எவளுக்காவது வலி எடுத்துருது. நான் என்ன செய்ய?" என்றாள்.

கோவிலுக்குள் மேசை போட்டு ஆண்டவர் உட்கார்ந்தார். பக்கத்தில் நான், தாளும் மையுமாக.

"புள்ள பொறந்துது, மூச்சு சரியில்ல. சாமியாரைக் கூப்பிட நேரமில்ல. என்ன செய்வீங்க?"

"தலையில தண்ணிய ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்குறேன்னு சொல்லுவேன்."

"சரி. வீட்ல தண்ணி இல்ல."

"பக்கத்து வீட்ல வாங்குவேன்."

"அங்கயும் இல்ல."

"அப்ப இருக்கறத ஊத்துவேன்."

என் பேனா நின்றது. ஆண்டவர் முகத்தில் மாற்றமில்லை. இந்த மாதிரிப் பதில்களுக்காகத்தானே அவர் மலை ஏறி வருவதே.

"இருக்கறதுன்னா எது?"

"பேவாந்தாதான். நம்ம வீட்ல வேற என்ன இருக்கும்?"

ஒயினில் தண்ணீர் கலந்து நாங்கள் காலை முதல் படுக்கும்வரை குடிப்பதுதான் பேவாந்தா. குழந்தைக்கும் அதுதான், கிழவருக்கும் அதுதான். எங்கள் தீவில் ஆறு கிடையாது, ஊற்று கிடையாது; மழை பெய்தால் தொட்டியில் தண்ணீர், பெய்யாவிட்டால் இல்லை. ஒயின் மட்டும் எப்போதும் இருக்கும்.

"அது செல்லாதும்மா," என்றார் ஆண்டவர் பொறுமையாக. "ஞானஸ்நானத்துக்குத் தண்ணிதான் வேணும். கெணத்துத் தண்ணி, மழைத்தண்ணி, கடல் தண்ணிகூடப் போதும். ஒயின் ஆகாது."

"கடலுக்கு எறங்கி ஏற ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள புள்ள நீலம் பாரிச்சுப் போயிரும். ஆண்டவர் புஸ்தகத்துல மலை இல்ல போல."

கதவோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஆண்டவர் அவர்களை வெளியே போகச் சொன்னார். நல்ல வேளை, போனார்கள்.

"இப்படி எத்தனை புள்ளைக்குச் செஞ்சிருக்கீங்க?"

"ஒண்ணே ஒண்ணுக்குத்தான். நான் தொழிலுக்கு வந்த புதுசு. அந்த வறண்ட வருஷம், மே மாசத்துலருந்து ஒரு சொட்டு மழை இல்ல. தொட்டிக்குள்ள புழுதான் நெளிஞ்சுது."

"அந்தப் புள்ள இப்ப உயிரோட இருக்கா?"

யெலுஷா வாயைத் திறந்து சிரித்தாள். "இருக்காவா? எதிர்ல உக்காந்து என்னையக் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கு!"

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். செத்துப் பிறந்த மாதிரி இருந்த பிள்ளையைப் பிழைக்க வைத்து, அது ஆயராகவும் ஆகிவிட்டது என்றால் எந்த மருத்துவச்சிக்குத்தான் பெருமை இருக்காது? நானோ ஆண்டவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர் குரல் வந்தது. "அதுல எவ்வளவு தண்ணி கலந்திருந்துது?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பெரும்பங்கு தண்ணீராக இருந்தால் அதைத் தண்ணீர் என்றே கொள்ளலாம் என்று சில அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். மூழ்குகிறவன் கட்டையைப் பிடிப்பது போல அவர் அதைப் பிடித்தார்.

"கலந்தது உங்கப்பா. அவரு கை எப்பிடின்னு ஊருக்கே தெரியும். அதுவும் தொட்டி வத்திக் கெடந்த வருஷம், ஒயின்ல கொட்டுறதுக்குத் தண்ணி எங்க இருக்கு? நெத்தியெல்லாம் செவப்பா வடிஞ்சுது. உங்கம்மா ரத்தம்னு நெனச்சு ஒரே அலறல். நீங்களும் கூடவே அழுதீங்க. என்னா அழுகை!"

"பங்குச் சாமியார் விசாரிக்கலையா?"

"ஞானஸ்நானம் குடுத்தியான்னாரு. குடுத்தேன்னேன். எதை ஊத்துனேன்னு யாரு கேட்டா? அப்பல்லாம் உங்களை மாதிரி கேள்வி கேக்க ஆளு ஏது?"

விசாரணை முடிந்தது என்று ஆண்டவர் எழுந்தார். அவளை ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். பாதியில் அந்தக் கையைத் தாழ்த்தி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

இதன் பொருள் என்ன என்று நான் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் இல்லாதவனுக்குக் கொடுக்கிற குருப்பட்டம் பட்டம் அல்ல. குரு அல்லாதவனுக்கு ஆயர் அபிஷேகம் செய்தால் அது எண்ணெய்ச் செலவு மட்டும்தான். ஆயர் அல்லாதவர் கை வைத்துப் பட்டம் கொடுத்தவர்கள் சாமியார்கள் அல்ல. அதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த கொள்ளைநோயில், பூசை வைத்துக்கொண்டிருந்த எங்கள் பழைய சாமியார்களெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். துறவிகளின் மடமும் அன்று பூட்டியது, இன்னும் திறக்கவில்லை. தீவில் இப்போது பூசை வைத்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேருக்கும் பட்டம் கொடுத்தவர் யெரொலிம் ஆண்டவர். அதில் ஒருவன் நான். கொள்ளைநோயில் என் அம்மா கிடந்தபோது வேறு யாரும் வீட்டுக்குள் வரவில்லை. அவளுடைய கடைசிப் பாவசங்கீர்த்தனத்தை நான்தான் கேட்டேன். பாவமன்னிப்பும் நான்தான் கொடுத்தேன். நான் சாமியாரே இல்லையென்றால் அவள் எதை நம்பிக் கண்ணை மூடினாள்? கோவேறு கழுதை மேல் மலை இறங்கும்போது எனக்கு அந்த நினைப்புதான். யெலுஷாவை அங்கேயே கழுத்தை நெரித்திருக்கலாம் போல் இருந்தது.

பாதி வழியில் ஆண்டவர் கழுதையை நிறுத்தினார்.

"குஸ்மா, எழுது. சாட்சி வயது முதிர்ந்தவள். நினைவு நிலையாக இல்லை. அவள் சொன்னதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை."

மலைப்பாதையில், குளிர் காற்றில், கழுதையின் முதுகில் தாளை வைத்து எழுதினேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை. அவள் நினைவு என் நினைவைவிடத் தெளிவு என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். தெரிந்தால் என்ன? அறுபது வருஷத்துக்கு முந்திய ஒரு குவளைக்காக ஒரு தீவையே தலைகீழாக்க முடியுமா?

நகரத்துக்கு வந்த பிறகு அவர் பூசை வைக்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். முதல் நாள் நம்பினேன். இரண்டாவது நாள் சமையல்காரி பொரித்த மத்தி மீன் ஏழெட்டை ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். ஆக வயிறு இல்லை. அந்த வாரச் சனிக்கிழமை மூன்று பேருக்குக் குருப்பட்டம் கொடுப்பதாக இருந்தது. மூவரின் தாய்மார்களும் மாவும் முட்டையும் சேர்த்து வைத்துக் காத்திருந்தார்கள். அதை எப்படித் தள்ளிப்போடுவார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மூவரையும் கூப்பிட்டு வழக்கம்போல் கடைசிச் சோதனை வைத்தார். கேள்விகள் அவருடைய புத்தகத்தில் உள்ளவைதான். காஷ்பார் என்பவனிடம் கேட்டார்.

"கோதுமை மாவு கிடைக்காத இடத்தில் பார்லி அப்பத்தை வைத்துப் பூசை செய்தால்?"

"செல்லாது ஆண்டவரே."

"ஜனங்கள் பசியோடு இருந்தாலும்?"

"பசியோடு இருந்தாலும், குருவின் மனம் நல்ல மனமாக இருந்தாலும் செல்லாது. அப்படிச் செய்தவன் ஜனங்கள் முன் அதைச் சொல்லக் கடமைப்பட்டவன்," என்று காஷ்பார் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான்.

ஆண்டவர் புத்தகத்தை மூடினார். "வீட்டுக்குப் போங்கப்பா. நாளைக்கு ஒண்ணும் இல்ல," என்றார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் போன பிறகு அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்தக் கேள்விய நான் யாரை வச்சு எழுதுனேன், ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? டொன் பார்துல். சாமியார்களை நாங்கள் டொன் என்றுதான் கூப்பிடுவோம். ஷ்கோய் என்று நாங்கள் சொல்லும் பாறைத் தீவில், முப்பது மீனவக் குடும்பங்களுக்குப் பங்குச் சாமியாராக இருந்தவர். அதற்குப் பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் ஏழு வாரம் வாடைக்காற்று விடாமல் அடித்ததில் படகே போகவில்லை. கோதுமை மாவு தீர்ந்துபோய், இருந்த பார்லி மாவில் அப்பம் சுட்டுப் பூசை வைத்துவிட்டார். ஆண்டவர் விசாரணைக்குப் போனபோது கேட்காமலேயே அவராகவே அதைச் சொன்னார். 'சனம் அழுதுது ஆண்டவரே, கடவுள் பாத்துக்குவார்னு செஞ்சேன்' என்றார். ஆண்டவர் அவரைக் கோவில் வாசலில் முழங்காலில் நிறுத்தி, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் 'ஏழு வாரம் உனக்கு நான் கொடுத்தது வெறும் ரொட்டி' என்று சொல்ல வைத்தார். பிறகு பூசை வைக்கத் தடையும் போட்டார். அந்த வெள்ளிக்கிழமைவரை அந்தத் தடை இருந்தது. நான் அப்போது பக்கத்தில் நின்று அதை எழுதிக்கொண்டிருந்தேன்.

"அவருக்குப் பட்டம் குடுத்தது பழைய ஆயர்," என்றார் ஆண்டவர். "இந்தத் தீவுல சந்தேகமே இல்லாத சாமியார் இன்னைக்கு ஒருத்தர்தான் இருக்காரு. அவரை நான் வலை பின்ன வச்சிருக்கேன்."

"ஆண்டவரே, அவசரத்துக்கு யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாமே. நானே இப்பவே ஊத்திடறேன். கதவைச் சாத்திட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல. அப்புறம் மெதுவா பேராயர்கிட்ட..."

"சாமியார் கைக்கெட்டுற தூரத்துல இருக்கறப்ப அது அவசரம் இல்ல. அதைத்தானே ஒம்பது மருத்துவச்சிகளுக்கும் சொல்லிட்டு வந்தேன்?"

"காத்து அடிக்குது."

"படகு சொல்லு குஸ்மா."

"நாம எழுதுன குறிப்பு?" என்றேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன். அவர் கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். கணப்பில் போட்டுவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது ஊர் அறிந்த கதை. ஆண்டவர் கரைநாட்டுப் பேராயரிடம் போய் குருப்பட்டத்திலிருந்து ஆயர் அபிஷேகம்வரை எல்லாவற்றையும் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து பேராலயத்தில் எல்லோர் முன்னும் உள்ளதை உள்ளபடி சொன்னார். நாங்கள் இருபத்திரண்டு பேரும், சிலர் நரைத்த தலையோடு, மறுபடி தரையில் குப்புறப் படுத்துப் பட்டம் பெற்றோம். வாசலில் நின்று சிரித்தவர்களின் பெயர்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. நான் முதலில் வைத்த பூசை அம்மாவுக்கு. அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள். நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், போதும். ஊர் அறியாதது அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஷ்கோயில் நடந்தது. ஆண்டவர் போன வருஷம் இறந்துபோனார். அவரைத் தராசு என்கிறவர்களுக்காக அதை இப்போது சொல்கிறேன்.

ஷ்கோய்க்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. டொன் பார்துல் காற்று படாத ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். எழுபது வயது. கைகள் மீனவன் கைகளாகவே ஆகியிருந்தன. மீசையை மட்டும் மறுபடி வளர்த்திருந்தார்.

"வாங்க ஆண்டவரே. இந்தக் காத்துல நண்டுகூட வெளிய வராது," என்றார் எழுந்திருக்காமல். "டொன் குஸ்மா, தலையக் கீழ தொங்கப் போட்டுட்டு ஒக்காரு. சரியாப் போயிரும்."

ஆண்டவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். யெலுஷா சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். மலைப்பாதையில் என்னை எழுதச் சொன்னதையும் சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பார்துல் வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கோதுமைக்குப் பதிலா பார்லி. நீங்க தண்ணிக்குப் பதிலா ஒயின். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சத்திரம் நடத்தியிருக்கலாம் ஆண்டவரே! சரி, எங்கிட்ட என்ன வேணும்?"

"ஞானஸ்நானம்."

"எனக்குத் தடை இருக்கு. நீங்க போட்டது."

"எடுத்துட்டேன்."

"எடுக்க நீங்க ஆயர்தானா?"

"தெரியல," என்றார் ஆண்டவர்.

"போடறப்ப தெரிஞ்சுதே."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்து ஏதோ சொல்லப் போனேன். ஆண்டவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பார்துலின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"உங்களுக்கு ஒரு வசதி இருக்கு," என்றார். "இது ஒங்களுக்கு மொதல் ஞானஸ்நானம்னா, தலையில தண்ணி பட்டதும் இதுவரைக்கும் செஞ்ச பாவம் அத்தனையும் போயிரும். பாவசங்கீர்த்தனம்கூட வேண்டாம். என்னைய வாசல்ல முட்டி போட வச்சீங்களே, நான் ஞானஸ்நானம் குடுத்த புள்ளைங்க, நான் கல்யாணம் பண்ணி வச்சதுங்க, ஒவ்வொருத்தர் மூஞ்சியா நிமிந்து பாத்து, ஒனக்கு நான் குடுத்தது வெறும் ரொட்டின்னு சொல்ல வச்சீங்களே, அதுவும் போயிரும். எனக்குத்தான் போகாது."

"அதனாலதான் பேராயர்கிட்ட போறதுக்கு முன்னாடி இங்க வந்தேன்," என்றார் ஆண்டவர். "தண்ணி படறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேட்டுரணும். பட்ட பிறகு கேட்டா, எல்லாம் தீந்துபோனவன் மரியாதைக்குக் கேட்ட மாதிரி ஆயிரும். செஞ்சவன் இப்ப இங்க நிக்கிறான்." அவர் பாறையில் முழங்காலிட்டார். ஐம்பத்தாறு வயதில், ஈரப் பாறையில், ஒன்றையும் பிடிக்காமல். "டொன் பார்துல், பார்லி செல்லாது. அன்னைக்கும் செல்லாது, இன்னைக்கும் செல்லாது. அதுல நான் மாறல. ஆனா உங்களை வாசல்ல நிறுத்தச் சொன்னது விதி இல்ல. நான்தான். நீங்களா வந்து உண்மையச் சொன்னவர். உங்களை நான் அசிங்கப்படுத்தினேன். என்னைய மன்னிச்சுருங்க."

பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரு கீழ்ச் சாமியாரை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பார்துலும் முழங்காலிட்டு அவரைக் கட்டிக்கொள்வார், இருவரும் அழுவார்கள், நானும் நன்றாக அழுது தீர்க்கலாம் என்று காத்திருந்தேன்.

பார்துல் எழுந்து குடிசைக்குள் போனார். ஒரு செம்புக் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்தார். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மழைத்தண்ணி. டொன் குஸ்மா, நீயும் பாத்துக்க. நாளைக்கு யாராவது கேட்டா நீதான் சாட்சி."

நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர்தான்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல," என்றார் ஆண்டவர், முழங்காலில் இருந்தபடியே.

"சொல்றேன். பொய் சொல்லக்கூடாதுல்ல?" பார்துலின் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "மன்னிப்பு எங்கிட்ட இல்ல ஆண்டவரே. பதினோரு வருஷமா உள்ள தேடிப் பாத்துட்டேன். நீங்க வராமலே குடுத்துரலாம்னு பாத்தேன், அப்பவும் இல்ல. இப்ப நீங்க வந்து கேக்குறீங்க, இப்பவும் தேடுறேன், இல்ல. ஆனா அதுக்காக ஒங்களுக்கு ஒரு குறையும் வராது. ஊத்துறவன் மனசு எப்படிக் கெடந்தாலும், தண்ணியும் வார்த்தையும் சரியா இருந்தா ஞானஸ்நானம் செல்லும். ஒங்க புஸ்தகத்துலயே எழுதியிருக்கீங்க."

"எழுதியிருக்கேன்," என்றார் ஆண்டவர்.

"தலையக் குனிங்க."

பார்துல் ஊற்றினார். "யெரொலிம், நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதவனாயிருந்தால், நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்..." மூன்று தடவை ஊற்றினார், பிதா, சுதன், பரிசுத்த ஆவி. பதினோரு வருஷம் வலை பின்னியவர் ஒரு வார்த்தை தடுமாறவில்லை. குரல் தெளிவாக இருந்தது, கை நடுங்கவில்லை. எங்கள் குருமாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம், அவ்வளவு சுத்தம். முடிந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வலையை எடுத்து விட்ட கண்ணியிலிருந்து பின்ன ஆரம்பித்தார்.

ஆண்டவர் எழுந்திருக்கவில்லை. தலையிலிருந்து தண்ணீர் வடிந்து கழுத்துப்பட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்துலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்துல் நிமிரவில்லை. கடைசியில் நான்தான் போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

படகில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். தலையைத் துடைக்கத் துணி கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஷ்கோயின் பாறைகள் கண்ணில் மறைந்த பிறகு கேட்டார்.

"குஸ்மா, செல்லும்தானே?"

"செல்லும் ஆண்டவரே. பொருள் சரி, வார்த்தை சரி. ஒரு குறையும் இல்ல."

"ஆமா," என்றார். "ஒரு குறையும் இல்ல." பிறகு அந்தத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, படகோட்டிகள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல், வாய்விட்டு அழுதார்.